சாக்குக் கடைப் பூச்சி

என் கடையில் எட்டுக்கால் பூச்சி உண்டு. இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பழைய சாக்கு வாங்கி, உதறி, கிழிசல் தைத்து விற்கிற கடையில் பூச்சி இல்லாமல் மயிலா வந்து ஆடும்? ஆனால் அந்தப் பூச்சிகளைப் பார்த்து எனக்கு அருவருப்பு வந்ததில்லை. மூலையில் கிடக்கும், கரப்பான் குஞ்சைத் தின்னும், கிட்டே போனால் ஓடிவிடும். எனக்கு அருவருப்பு வந்ததெல்லாம் மனிதர்களிடம்தான். அதிலும் அந்தச் சித்திரை மாதத்தில் வந்தது, தட்டில் சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிற அளவுக்கு வந்தது.

நாற்பத்திரண்டாம் வருஷம் அது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்து ஜனம் மூட்டை முடிச்சோடு ரயிலேறி, கிடைத்த ஊரில் இறங்கிக்கொண்டிருந்தது. திருத்தணியில் சத்திரங்களில் கால் வைக்க இடமில்லை. மாட்டுக் கொட்டகையில் சாணியை வழித்துவிட்டு ஒரு வக்கீல் குடும்பம் குடியிருந்தது. அப்பேர்ப்பட்ட சமயத்தில் எனக்கு ஸ்டேஷன் ரோட்டில் ஓர் இடம் இருந்தது. பரசுராமன் வீட்டின் முன்கட்டு. முன்னால் சாக்குக் கடை, பின்னால் ஓர் அறை. அறையில் நானும் என் மனைவி தில்ஷாத்தும். அதை விட்டால் ஊரில் எனக்கு வேறு கூரை கிடையாது. சாக்கை வெட்டவெளியில் போட்டால் ஒரே ஒரு கோடை மழைக்கு மக்கி நாறிவிடும். என் பிழைப்பும் சேர்ந்து நாறும்.

பரசுராமன் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. வீட்டை நடத்தியது அவனல்ல, அவன் அக்கா கௌரியம்மாள். புருஷன் செத்தபின் தம்பி வீட்டோடு வந்து சாவிக்கொத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டவள். தம்பி பெண்சாதி கெங்கம்மாள் அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பத்துப் பெண். நாத்தனார் எதிரில் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். அவர்களுக்கு ஒரே பிள்ளை, சுப்பிரமணி. தவழ ஆரம்பித்திருந்தான்.

சித்திரை வெயிலில் பிள்ளைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. ஊரில் எந்தப் பிள்ளைக்குத்தான் இல்லை? நுங்குத் தண்ணீரைத் தடவிக் குளிப்பாட்டினால் போகிற சமாசாரம். ஆனால் ஒரு காலை கௌரியம்மாள் தூளியை உதறும்போது அதிலிருந்து ஓர் எட்டுக்கால் பூச்சி விழுந்து ஓடியது. அவ்வளவுதான்.

“பூச்சி மூத்திரம் பேஞ்சிட்டுது. பாரு, முதுகெல்லாம் தெறிச்சிகினு இருக்குது” என்றாள்.

தெருப் பெண்கள் வந்து பார்த்தார்கள். ஒவ்வொருத்தியிடமும் ஒரு பூச்சிக் கதை இருந்தது. ஒருத்தி வாயோரத்துப் புண்ணைக் காட்டி, தூக்கத்தில் பூச்சி கடித்துவிட்டது என்றாள். இன்னொருத்தி புடவையைத் தூக்கிக் கணுக்காலில் வட்டமாகப் படர்ந்திருந்த படர்தாமரையைக் காட்டினாள். பூச்சி வட்டமாக நடந்ததாம், அதனால் வட்டமாக வந்ததாம். பரசுராமனுக்குத் தொடையிடுக்கில் அரிப்பு உண்டு. ஈர வேட்டியை மாற்றாமல் ஆபீசுக்குப் போகிற மனிதனுக்கு வேறு என்ன வரும்? அதுவும் பூச்சிதானாம். சொறி, சிரங்கு, கட்டி, கொப்புளம் எல்லாவற்றுக்கும் அந்த எட்டுக் கால்தான் காரணம் என்றால், இந்த ஊரில் குளிக்காதவன், துவைக்காதவன் ஒருவனுமே இல்லை என்று ஆகிவிடுகிறது. நல்ல வசதி. அவர்கள் சொறிந்த கையாலேயே பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்தார்கள். நான் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

பூச்சிக்கடிக்கு மந்திரிக்க மணவூர்ப் பக்கத்திலிருந்து வேடியப்பனை அழைத்து வந்தார்கள். சட்டி பானை செய்கிறவர். அக்கி எழுதுவதில் கைராசிக்காரர் என்று பெயர். பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகில் செங்காவியைக் குழைத்துச் சிங்கம் எழுதினார். எனக்கு அது நாயாகத்தான் தெரிந்தது. பிறகு ஏதோ பச்சிலையை வெற்றிலையோடு சேர்த்து மென்று, வாயிலிருந்து நேராகப் பிள்ளையின் முதுகில் துப்பினார். சிவப்பும் பச்சையுமாக எச்சில் இடுப்பு வரை வழிந்தது. நான் எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன். கௌரியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“பாய், ஒரு கோணியூசி குடு” என்றார் வேடியப்பன். கொடுத்தேன். அவர் மடியிலிருந்து ஒரு சேங்கொட்டையை எடுத்து, ஊசியை நெருப்பில் காய்ச்சி அதைத் துளைத்து, கருப்புக் கயிற்றில் கோத்துப் பிள்ளையின் இடுப்பில் கட்டினார்.

“பூச்சி வெசத்த இது இழுத்துக்கும். நான் சொல்றவரைக்கும் அவுக்கக் கூடாது.”

இடுப்பில் சேங்கொட்டை கட்டுவது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. திருஷ்டிக்கு, காற்று கருப்புக்கு, எல்லாவற்றுக்கும் கட்டுவார்கள். ஆனால் வழிவழியாய் வந்த பழைய கொட்டை, எண்ணெய் வற்றிக் கல்லாய்ப் போனது. இவர் கட்டியது புதுக் கொட்டை. துளையில் ஈரம் மின்னியது.

வேர்க்குரு அப்படியேதான் இருந்தது. இடுப்பில்தான் புதிதாகக் கிளம்பியது. முதலில் கன்றிச் சிவந்தது, பிறகு கொப்புளம் எழுந்தது, உடைந்து நீர் வழிந்த இடமெல்லாம் மறுபடி கொப்புளம். கயிறு நகர்ந்த வழியே அதுவும் நகர்ந்தது.

“இடுப்பச் சுத்திகினு வருது. ரெண்டு தலயும் ஒண்ணு சேந்துட்டா புள்ள தங்காது” என்று தெருவே பேசியது. வேடியப்பன் மறுபடி வந்தார், மறுபடி துப்பினார், இரண்டாவது சேங்கொட்டையைக் கட்டினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாமே என்று தில்ஷாத் சொன்னதற்கு, “களிம்பு போட்டா அக்கி உள்ள வாங்கிக்கும். புள்ளயத் தூக்கிக் குடுக்கச் சொல்றியா?” என்று கௌரியம்மாள் அவள் வாயை அடைத்துவிட்டாள். செங்காவியும் எச்சிலும் சீழும் கலந்து காய்ந்த அந்த இடுப்பில் ஈ மொய்த்தது. பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டி, பூனைக்குட்டி மாதிரி ஈனமாகக் கத்தியது. நடுவில் இருந்தது ஒரே சுவர். எங்களுக்கு எல்லாம் கேட்கும்.

அதன் பிறகுதான் பேச்சு என் பக்கம் திரும்பியது. கௌரியம்மாள் கடை வாசலில் வந்து நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை.

“பாய், தப்பா நெனச்சிக்காதீங்க. பூச்சி உங்க சாக்குலருந்துதான் வருது. எடத்தக் காலி பண்ணிக் குடுத்துடுங்க.”

“நான் எத்தினியோ வருசமா சாக்கு மேலதான் தூங்குறேன், கௌரியம்மா. ஒரு பூச்சி என்னக் கடிச்சதில்ல.”

“உங்க உடம்புக்குப் பழகிப் போச்சு. பச்சப் புள்ள தாங்குமா?”

பின்னால் கெங்கம்மாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். சட்டை உரசாமலிருக்க அதைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அப்போதுதான் அந்த இடுப்பை வெளிச்சத்தில் பார்த்தேன். கொட்டை இருந்த இடத்தில் தோல் கருப்பாகக் கறை பிடித்திருந்தது. எனக்குத் தெரிந்த கறை. வண்ணான் துணியில் குறி போடுவதும் அந்தக் கறையால்தான், நான் சாக்கில் குறி போடுவதும் அந்தக் கறையால்தான். தொழிலுக்கு வந்த புதிதில் சேங்கொட்டையின் பால் பட்டு என் மணிக்கட்டு வெந்துபோய்க் கிடந்திருக்கிறது. அன்றிலிருந்து கையில் எண்ணெய் தடவாமல் அதைத் தொட மாட்டேன்.

“அந்தக் கொட்டய அவுத்துடுங்க. பூச்சியும் இல்ல, அக்கியும் இல்ல. அதோட பால்தான் புள்ளயப் பொசுக்குது” என்றேன்.

கௌரியம்மாள் என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ அவள் பூஜையறையில் செருப்போடு நுழைந்த மாதிரி இருந்தது. “ஊரு ஒலகமே கட்டுது. எங்க அம்மா எனக்குக் கட்னாங்க. நான் பொசுங்கிட்டனா?”

வாயால் சொன்னால் ஏறாது என்று தெரிந்துவிட்டது. குறி போட வைத்திருந்த கொட்டைகளில் ஒன்றை எடுத்துக் கத்தியால் கீறி, அவள் கண்ணெதிரிலேயே என் முழங்கையின் உள்பக்கத்தில் தேய்த்தேன். கருப்பாகப் பிசுபிசுத்தது. “நாளைக்கு வந்து பாருங்க” என்றேன். எனக்கு என் புத்திசாலித்தனத்தின் மேல் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

மறுநாள் என் கை பார்க்கச் சகிக்காமல் இருந்தது. தேய்த்த இடம் வீங்கி, திராட்சை திராட்சையாகக் கொப்புளம் எழுந்து, ஒன்று உடைந்து மஞ்சளாக வடிந்தது. வலியைவிட அதைப் பார்க்கிறதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் வெற்றி பெற்றவன் போலக் கையை நீட்டிக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலுக்குப் போனேன். வேடியப்பனும் அங்கே இருந்தார். பரசுராமனும் ஆபீசுக்குக் கிளம்பி நின்றான்.

“பாருங்க. புள்ள இடுப்புல இருக்கறதும் இதுவும் ஒண்ணா இல்லயா?”

வேடியப்பன் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெற்றிலைச் சாறு அவர் உதட்டோரம் ஒழுகி, என் மணிக்கட்டில் ஒரு சொட்டு விழுந்தது.

“ஒண்ணுதான் நைனா” என்றார் நிதானமாக. “உன் உடம்புலயும் பூச்சி வெசம் ஊறிப் போயி இருக்குது. வெளிய தெரியாம இருந்துச்சு. சேங்கொட்ட அத இழுத்து வெளிய கொண்டாந்துடுச்சு. வெசம் இல்லாத உடம்புல அது ஒண்ணும் பண்ணாது. வண்ணான் தெனம் தொடறான், அவன் கையி இப்பிடி ஆவுதா?”

வண்ணான் எண்ணெய் தடவிக்கொண்டு தொடுகிறான் என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. கௌரியம்மாள் முந்தானையால் பிள்ளையை மூடிக்கொண்டு ரெண்டடி பின்னால் போனாள்.

“சாக்குக்காரரயே கடிச்சி வச்சிருக்குது. இதுக்கு மேல இன்னா சாட்சி வோணும்?” என்றாள்.

கொப்புளம் வந்தால் பூச்சி கடித்தது. வராவிட்டால் கொட்டை நல்லது. எந்தப் பக்கம் போனாலும் அவர்களுக்குத்தான் ஜெயம். வெந்த கையோடு நான் முட்டாள் மாதிரி நின்றேன்.

வேடியப்பன் தீர்ப்புச் சொன்னார். “பூச்சி இருக்கற எடம் காலியாவணும். எல்லாம் வெளிய போயி, நான் பொகை போட்டு, அப்பறமா கொட்டய அவுக்கறேன். அதுக்கு முன்ன அவுத்தா வெசம் தலைக்கு ஏறிடும்.”

பரசுராமன் என்னோடு கடை வரைக்கும் நடந்து வந்தான். அக்கா காதுக்கு எட்டாத தூரம் வந்ததும் குரலைத் தாழ்த்தினான். “நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் பாய். எனக்கும் ஒரு சந்தேகம்தான்.”

“அப்ப அவுத்துடு.”

“அக்கா இருக்குதே.”

“புள்ள யாரோடது, பரசு?”

அவன் வேட்டியைத் தூக்கி இடுக்கைச் சொறிந்துகொண்டே ஆபீசுக்குப் போய்விட்டான். வேடியப்பன் தெரியாமல் செய்கிறார். கௌரியம்மாள் பயத்தில் செய்கிறாள். இவன் தெரிந்தே நடந்து போகிறான். அந்த மாதம் நான் பார்த்த எச்சில், சீழ், ஈ எல்லாவற்றையும்விட இவன் முதுகைப் பார்க்கத்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

கெங்கம்மாள் அவனைவிட ஆண்பிள்ளை. அன்று மத்தியானமே அரிவாள்மனையில் வைத்துக் கயிற்றை அறுக்கப் பார்த்திருக்கிறாள். நாத்தனார் கண்டுவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அறை விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. அதிலிருந்து பிள்ளை கௌரியம்மாள் மடியை விட்டு இறங்கவில்லை. பால் கொடுக்க மட்டும் தாயிடம் வரும், அதுவும் பக்கத்தில் காவல் உட்கார்ந்திருக்க.

மூன்றாவது கொட்டையும் ஏறியது. புண் தொப்புளை நெருங்கியது. பிள்ளை இப்போது அழவே இல்லை. 

கெங்கம்மாள் தண்ணீர்க் குடத்தோடு கடை வாசலில் நின்றாள். என்னைப் பார்க்காமல், குடத்தைப் பார்த்தே பேசினாள்.

“நீங்க சொன்னது எனக்குப் புரியுது பாய். நான் சொன்னா எடுபடல. நீங்க காலி பண்ணிட்டீங்கன்னா கொட்டய அவுத்துடுவாங்களாம்.”

எனக்கு அவள் மேலும் ஆத்திரம் வந்தது. உன் வீட்டுப் பைத்தியத்துக்கு மருந்து என் பிழைப்பா என்று கேட்க வாய் வரை வந்தது. அவள் கன்னத்தில் நாத்தனாரின் விரல் பதிந்திருந்ததைப் பார்த்து அதை விழுங்கினேன்.

உள்ளே வந்து தில்ஷாத்திடம் சொன்னேன். “நாம ஏன் போவணும்? ஒத்துகினா அப்பறம் இந்த ஊர்ல எவன் எடம் குடுப்பான்?” என்றாள். அவள் சொன்னது நியாயம். நியாயத்தைச் சொல்லிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து காதை வைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பிறகு எழுந்து அடுப்படிப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் அடுக்க ஆரம்பித்தாள்.

நான் கௌரியம்மாளிடம் போனேன். வேடியப்பனும் தெருப் பெண்களும் கூடியிருந்தார்கள். அதுவும் நல்லதுதான், சாட்சி இருக்கட்டும் என்று நினைத்தேன்.

“பூச்சி என் சாக்குலருந்து வந்ததுதான். நான் பொய் சொல்லிகினு இருந்தேன். இன்னிக்கே காலி பண்றேன். காலி ஆன ஒடனே கொட்டய அவுக்கணும், சரியா?”

“ஆங், அதான் முதல்லருந்தே சொல்றேன்” என்றார் வேடியப்பன்.

எனக்குச் சொந்த நாக்கையே பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

வண்டிக்காரன் சாக்குக் கட்டுகளைத் தூக்கித் தூக்கி வெளியே போட்டான். கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடி இருந்தது. அங்கே அடுக்கினோம். தெரு முழுக்க நின்று வேடிக்கை பார்த்தது. கடை காலியானதும் வேடியப்பன் உள்ளே புகை போட்டு, மூலையிலிருந்து ஒரு பூச்சியை அடித்து முறத்தில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார். கட்டைவிரல் நகம் அளவு இருந்தது. கால் எல்லாம் சுருட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது. பெண்கள் முகத்தைச் சுளித்து, தூ தூ என்று அதன் மேல் துப்பினார்கள்.

பிறகு கயிற்றை அவிழ்த்தார். அது தோலோடு ஒட்டிப்போய் இருந்தது. இழுத்தபோது தோலும் வந்தது. கெங்கம்மாள் பிள்ளையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். செங்காவியும் எச்சிலும் கரைந்து சாக்கடையில் போகிற வரைக்கும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தில்ஷாத் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

தில்ஷாத்தை அரக்கோணத்தில் அவள் தங்கை வீட்டில் விட்டேன். எனக்கு இடம் தேடி அலைந்தேன். பட்டணத்துக்காரர்கள் விட்டுவைத்த இடுக்குகளைக்கூட, என் பெயரைக் கேட்டதும், “பூச்சிப் பாயா?” என்று மறுத்துவிட்டார்கள். நானே ஒத்துக்கொண்ட விஷயமாயிற்றே, எப்படி இல்லையென்று சொல்வது? அதற்குள் கோடை மழை வந்தது. காற்றோடு அடித்த மழை. மேலே போட்ட கீற்று எந்த மூலைக்குப் போனதோ தெரியவில்லை. அடியில் இருந்த கட்டெல்லாம் ஊறிப் புழுத்துவிட்டது. அவிழ்த்துப் போட்டால் பூசணம், நாற்றம், வெள்ளை வெள்ளையாகப் புழு. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு நல்லதையும் கெட்டதையும் பிரித்துக்கொண்டிருந்தேன். பிரிக்கப் பிரிக்க நல்லது குறைந்துகொண்டே வந்தது.

ஒருநாள் சாயங்காலம் கௌரியம்மாள் அந்தப் பக்கமாக வந்தாள். இடுப்பில் சுப்பிரமணி. பின்னால் கெங்கம்மாள். பிள்ளை நன்றாக இருந்தான். இடுப்பில் தோல் புதிதாக, இளஞ்சிவப்பாக வளர்ந்திருந்தது. எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கௌரியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்திலேயே நின்றாள்.

“பாத்தீங்களா பாய். நீங்க போன ஒடனே ஆறிப் போச்சு. முதல்லயே ஒத்துகினு இருந்தீங்கன்னா இந்தப் புள்ள அவ்வளோ நாளு துடிச்சிருக்குமா? உங்களுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கணும் இல்ல?”

கெங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் கையிலிருந்த அழுகல் சாக்கைக் கீழே போட்டேன். சொல்ல வேண்டியதெல்லாம் வாய்க்குள் வந்து நின்றது. என் முழங்கைத் தழும்பைக் காட்டி, தம்பியைப் பற்றிச் சொல்லி, வேடியப்பனின் எச்சிலைப் பற்றிச் சொல்லி, அவளைத் தெருவில் நிறுத்திக் கேட்டுவிடலாம்.

“கொட்டய நான் தூக்கிப் போடல, உறில வச்சிருக்கறேன்” என்றாள் அவளே. “பூச்சி மறுபடி வந்துச்சுன்னா கட்டணும் இல்ல. இன்னும் நம்ம வூட்ல அது இருக்குதோ இன்னாவோ, யாரு கண்டா?”

“இல்லம்மா” என்றேன். “உங்க வூட்ல இப்ப ஒண்ணும் இல்ல. எல்லாப் பூச்சியும் என்னோடதான் வந்துடுச்சு. தப்பு என்னோடதுதான்.”